மணமகன் பெயரால் ஒரு மதுவணிகம்

திருமணத்துக்கு முன்னர் மணமகனைச் சூழ்ந்திருந்து நண்பர்கள் கொண்டாடுவதில் என்ன தவறு? ஒரு தவறும் இல்லை. நீண்டகால நட்பின் ஒரு பருவம் முடிந்து இன்னொரு பருவம் தொடங்குகின்ற வேளையில், நான்கு நண்பர்கள் கூடிச் சிரிப்பதைத் தடுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தக் கூடலை விலைப்பட்டியலாக்கி, நட்பைக் கட்டணமாக்கி, ஒரு நகரத்தின் சனிக்கிழமை இரவையே குத்தகைக்கு எடுத்திருக்கின்ற ஒரு வணிகத்தைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும். பிரித்தானியாவில் அதற்குப் பெயர் ஸ்டாக் பார்ட்டி.

ஸ்டாக் என்றால் கலைமான். ஆண்கள் மட்டும் கூடுகின்ற விருந்து என்பதால் வந்த பெயர். முன்பெல்லாம் அது திருமணத்துக்கு முந்திய ஓர் இரவில், ஊரிலுள்ள பப் ஒன்றில், மணமகனின் தந்தையும் மாமனும் கூட வந்து ஒரு கிளாஸ் பியர் அருந்திவிட்டுப் போகின்ற எளிய சடங்காக இருந்தது. செலவும் அந்த ஒரு மாலைக்குரியதுதான். இன்றோ அது வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் வரை நீள்கின்றது. சொந்த ஊரில் நடத்தினால் மதிப்பில்லை. வேறொரு நகரம் வேண்டும். ஹோட்டல் வேண்டும். கோ-கார்ட் ஓட்டம், பெயின்ட்போல் விளையாட்டு, வழிகாட்டியுடன் பப்புக்குப் பப் ஊர்வலம், இரவு விடுதிக்கு முன்பதிவு என்று எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி விற்பதற்கு நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த நிறுவனங்களின் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுகின்ற நகரங்களுள் ஒன்று நியூகாசில்.

நியூகாசிலை நினைத்தால்தான் மனம் பொறுக்கவில்லை. பயனற்ற செயலைக் குறிக்க 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்பார்கள் ஆங்கிலேயர். கொல்லத் தெருவில் ஊசி விற்பதாக நாம் சொல்வதற்கு ஒப்பானது அது. அந்த அளவுக்கு நிலக்கரியால் பெயர்பெற்ற நகரம். டைன் நதியின் இரு கரைகளிலும் கப்பல் கட்டிய தொழிலாளர்களின் நகரம். ஜோசப் ஸ்வான் தன் மின்குமிழை 1879இல் மக்கள் முன் எரியவைத்துக் காட்டியது, 1793இல் தொடங்கப்பட்ட லிட் அண்ட் ஃபில் என்னும் நூலகச் சங்கத்தில். சுரங்கங்கள் மூடப்பட்டன. வோல்சென்டிலிருந்த ஸ்வான் ஹன்டர் தளத்தில் கப்பல் கட்டுவது 2006ஆம் ஆண்டுடன் முடிந்தது. 1927இல் பிறந்து அந்நகரின் பெயரை உலகமெங்கும் கொண்டுசென்ற நியூகாசில் பிரவுன் ஏல் என்னும் பியர்கூட நகரத்தை விட்டுப் போய்விட்டது. நகருக்குள் இருந்த வடிசாலை 2005இல் மூடப்பட்டது. உற்பத்தி முதலில் ஆற்றின் மறுகரையிலுள்ள கேட்ஸ்ஹெட்டுக்கும், 2010இல் யோர்க்ஷயரிலுள்ள டாட்காஸ்டருக்கும் சென்றது. பியரை உற்பத்தி செய்வதை இழந்த நகரத்துக்கு, பியர் குடிக்க வருபவர்களைச் சமாளிக்கின்ற வேலை மட்டும் மிஞ்சியது. இதைத்தான் 'இரவுப் பொருளாதாரம்' என்ற அழகான பெயரால் அழைக்கின்றார்கள்.

இந்த வார இறுதி எப்படித் திட்டமிடப்படுகின்றது என்று பாருங்கள். பெஸ்ட் மேன் எனப்படும் மாப்பிள்ளைத் தோழன்தான் பொறுப்பாளர். அவர் வட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்குகின்றார். குழுவில் பதினைந்து பேர். அவர்களுள் கைநிறையச் சம்பாதிக்கும் இருவர் முதலில் வாய் திறக்கின்றார்கள். 'நல்ல ஹோட்டலாகப் பார்ப்போம்' என்கின்றார்கள். மறுத்துப் பேச எவருக்கு மனம் வரும்? அவர்கள் விரலசைவில் தீர்மானமாகின்ற தொகை பதினைந்து பேருக்கும் சட்டமாகிவிடுகின்றது. முற்பணம் கட்ட வேண்டும். கட்டினால் திரும்பி வராது. ஆள் குறைந்தால் மற்றவர்களின் பங்கு ஏறும். ஆகவே விலக நினைப்பவன் கஞ்சன் மட்டுமல்லன், துரோகியும் ஆகின்றான்.

தலைக்கு 300 பவுண் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பிரித்தானியாவில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண். அந்த ஊதியத்தில் களஞ்சியசாலையில் பெட்டி தூக்குகின்ற நண்பன், வரியைக் கணக்கில் எடுக்காமலே, ஏறத்தாழ 25 மணிநேரம் உழைத்தால்தான் அந்தப் பங்கைக் கட்டலாம். இதற்குமேல் ரயில் கட்டணம் இருக்கின்றது. மணமகனின் செலவையும் மற்றவர்கள் பகிர்வது வழக்கம் என்பதால் அதுவும் சேரும். பிறகு திருமணத்துக்கான உடை, பரிசு, பயணம் என்று வரிசை நீள்கின்றது. அண்மையில் தந்தையானவன், வேலை இழந்தவன், கடனில் இருப்பவன் ஆகியோர் என்ன செய்வார்கள்? கடனட்டையை நீட்டுவார்கள், அல்லது 'அன்று வேலை இருக்கின்றது' என்று ஒரு பொய் சொல்வார்கள். இருபது வருட நட்பைப் பொய்யால் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு ஒருவனைத் தள்ளுவது எந்த வகைக் கொண்டாட்டம்?

அடுத்தது குடி. பிரித்தானியாவின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் வெளியிட்ட வழிகாட்டல், ஆணும் பெண்ணும் கிழமையொன்றுக்கு 14 அலகு மதுவுக்கு மேல் அருந்தாதிருப்பதே பாதுகாப்பு என்கின்றது. அதையும் மூன்று நாட்களுக்குக் குறையாமல் பரவலாக அருந்தச் சொல்கின்றது. 4 சதவீதச் செறிவுள்ள பியர் ஒரு பைன்ட் என்றால் 2.3 அலகு. ஆறு பைன்ட்டுடன் ஒரு கிழமைக்குரிய அளவு தீர்ந்துவிடும். பிக் மார்க்கெட்டில் தொடங்கி, டயமன்ட் ஸ்ட்ரிப் என்று பெயர்பெற்ற கொலிங்வூட் தெருவுக்கு வந்து, ஆற்றங்கரையான கீசைடில் முடிகின்ற ஊர்வலத்தில் ஆறு பைன்ட் என்பது மாலைக்கே போதாது. அதன்மேல் விஸ்கியும் டெக்கீலாவும் சிறு கிண்ணங்களில் வரும். மணமகன் 'போதும்' என்றால், அந்தச் சொல்லைக் கேட்காதிருப்பதே நண்பர்களின் கடமை என்றாகிவிட்டது. அவனுக்குப் பெண்ணுடை அணிவித்து, விளக்குக் கம்பத்தில் கட்டி, படம் பிடித்து, உலகுக்கே காட்டினால்தான் அன்பு நிறைவேறுமாம்! நாம் வேறு எவருக்காவது இதைச் செய்தால் அதற்குப் பெயர் கொடுமை. மணமகனுக்குச் செய்தால் மட்டும் வேடிக்கையா?

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கான 2003ஆம் ஆண்டு மது அனுமதிச் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி, போதையில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டே மது விற்பது குற்றம். 142ஆம் பிரிவின்படி, போதையில் இருப்பவர் அவ்விடத்திலேயே அருந்துவதற்காக மது வாங்கிக் கொடுப்பதும் குற்றம். இரண்டுக்கும் 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கலாம். தள்ளாடுகின்ற மணமகனின் கையில் இன்னுமொரு கிண்ணத்தைத் திணிக்கின்ற தோழன், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. ஆனால் ஏட்டிலுள்ள அந்தச் சட்டம் பப் வாசலில் ஏன் நின்றுவிடுகின்றது? போதையில் இருப்பவரை விலக்கினால் இழப்பு யாருக்கு என்று எண்ணிப் பார்த்தால் விடை தானாகக் கிடைக்கும்.

இந்த இரவின் உண்மையான செலவு விலைப்பட்டியலில் இல்லை. அதைக் கட்டுகின்றவர்கள் வேறு மனிதர்கள். பதினைந்து ஆண்கள் சூழ்ந்துகொண்டு கத்துகின்றபோதும் புன்னகைக்க வேண்டிய பரிசாரகப் பெண் ஒருத்தி. வேலைத்தலத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமையை 2024 ஒக்டோபர் முதல் சட்டம் முதலாளிகள்மேல் சுமத்தியிருக்கின்றது. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அந்தக் கடமையை அந்த மேசையருகே நிறைவேற்றுபவர் யார்? ரோயல் விக்டோரியா வைத்தியசாலையின் அவசரப் பிரிவில், நெஞ்சுவலியோடு வந்த முதியவருக்கும் தலையுடைந்து வந்த குடிமகனுக்கும் இடையே ஓடுகின்ற தாதி இன்னொருவர். அதிகாலையில் நடைபாதையைக் கழுவுகின்ற மாநகரசபைத் தொழிலாளி மற்றொருவர். இவர்களோடு, சனிக்கிழமை மாலையில் தன் சொந்த நகரத்தின் நடுப்பகுதிக்குப் போகவே தயங்குகின்ற உள்ளூர்க் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் வேலைவாய்ப்பு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுரங்கமும் கப்பல் தளமும் போன ஊரில், ஹோட்டலும் பப்பும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. குடித்துவிட்டுத் தெருவில் பாடுகின்ற உழைக்கும் இளைஞர்களைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, தனியார் கிளப்புக்குள் அதே அளவு குடிக்கின்ற கனவான்களின் வாதமும் என் வாதமன்று. நான் கேட்பது ஒன்றுதான். இலாபம் ஒரு பையிலும் சேதம் இன்னொரு பையிலும் விழுவது ஏன்? நியூகாசில் மாநகரசபை இக்கேள்வியை ஒருமுறை துணிந்து கேட்டது. நள்ளிரவுக்குப் பின் மது விற்கின்ற இடங்களிடமிருந்து பொலிஸ் செலவுக்கும் இரவுநேர ஒழுங்குக்குமாகப் பின்னிரவு வரி அறவிடுவதை, 2013 நவம்பரில் இங்கிலாந்திலேயே முதலாவதாக அது தொடங்கியது. அன்று எழுந்த எதிர்ப்புக் குரல்களில், சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் விடையில்லை.

கடலுக்கு அப்பாலிருந்தும் பதில் வந்துவிட்டது. 2023இல் அம்ஸ்டர்டாம் நகரம், 18 முதல் 35 வயது வரையான பிரித்தானிய ஆண்களை நேரடியாக விளித்து, கட்டற்ற கூத்துக்காக வருவதென்றால் விலகியிருங்கள் என்று விளம்பரம் செய்தது. 2024இல் ப்ராக் நகரம் இரவு நேர வழிகாட்டிப் பப் ஊர்வலங்களைத் தடைசெய்தது. அயலார் வீட்டு வாசலில் 'உள்ளே வராதே' என்று பெயர் எழுதி வைக்கப்படுகின்ற நிலையை, ஒரு நாட்டின் இளைஞர்கள் பெருமையாகக் கொள்ள முடியுமா?

சரி, நியூகாசிலுக்குப் போகத்தான் வேண்டுமா? தாராளமாகப் போகலாம். 1835இல் திறந்த கிரெய்ஞ்சர் சந்தையில் காலையுணவு உண்ணலாம். மெட்ரோ ரயிலேறி டைன்மவுத் கடற்கரையில் இறங்கி, பாழடைந்த துறவிமடத்தின் அருகே காற்று வாங்கலாம். வோல்சென்டில், கி.பி. 122இல் கட்டத் தொடங்கப்பட்ட ஹேட்ரியன் மதிலின் கிழக்கு முனையான செகெடூனம் கோட்டையைப் பார்க்கலாம். 2025 மார்ச்சில் லீக் கிண்ணத்தை வென்று, 1955க்குப் பின் முதல் உள்நாட்டுக் கிண்ணத்தை நகரத்துக்குக் கொண்டுவந்த உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் நகரின் நடுவிலேயே நிற்கின்றது. மாலையில் டைன் நதியின்மேல் 2001இல் திறந்த மிலேனியம் பாலத்தில் நடந்துவிட்டு, ஒரு நல்ல பப்பில் அமர்ந்து, விரும்பியவர் விரும்பியதை அருந்தலாம். மது தொடாத நண்பனும் அங்கே விருந்தாளியாகவே இருப்பான்.

பொறுப்பேற்கின்ற தோழனுக்கு ஒரு வார்த்தை. குழுவில் கேட்காதே. ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, எவ்வளவு முடியும் என்று கேள். வந்த விடைகளில் மிகக் குறைந்ததே உன் உச்சவரம்பு. மணமகன் 'போதும்' என்ற கணத்தில் நிறுத்து. வராதவனைக் காரணம் கேட்காதே. இந்த நான்கு விதிகளுக்குள் அடங்காத எந்தத் திட்டமும் நண்பனுக்காகப் போடப்பட்டதன்று.

லண்டனிலும் டொரொன்டோவிலும் எம்மவர் பிள்ளைகளும் இவ்வழக்கத்தை ஏற்கத் தொடங்கிவிட்டதால்தான் இதைத் தமிழில் எழுத வேண்டியிருக்கின்றது. உடனே சிலர் 'எங்கள் பண்பாடே உயர்ந்தது' என்று மார்தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். திருமணத்துக்கு முன்னர் பலகாரச் சூட்டுக்கு அயலெல்லாம் கூடி மாவிடித்ததும், பந்தல் போட இளைஞர்கள் தோள் கொடுத்ததும் உண்மைதான். அங்கே நட்பின் அளவுகோல் பணமாக இருக்கவில்லை, உழைப்பாக இருந்தது. ஆனால் அந்த அளவுகோலை நாமே முறித்துவிட்டு, கடன்பட்டு மண்டபம் எடுத்து, ஹெலியில் வந்திறங்கி, பூச்சொரிந்து படம் எடுக்கின்றோம். வெள்ளையர் மூன்று நாளில் விடுகின்ற காசை நாம் மூன்று மணிநேரத்தில் விடுகின்றோம். ஆகவே இது இரண்டு பண்பாடுகளுக்கு இடையிலான வழக்கன்று. காசில்லாத நண்பனுக்கு மேசையில் இடமுண்டா என்பதுதான் வழக்கு.

அந்த இடத்தை ஒதுக்கத் தெரியாத கொண்டாட்டம் நியூகாசிலில் நடந்தால் என்ன, நல்லூரில் நடந்தால் என்ன? அதற்கு நட்பின் பெயரைச் சூட்டுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.