முதுகுல ஊசி: மருந்து பேரையாவது சொல்லிட்டுப் போடுங்க சாமி

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பி.ஈ. முடிச்சுட்டு ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் நடந்துட்டு இருக்குற வைத்தியத்தை நிறுத்த வேண்டாம். ஊசியே கூடாதுன்னும் நான் சொல்லலை. என் சண்டை ஒரே ஒரு வரியோடதான்: "சின்ன ஊசிதாங்க, ஒன்னும் ஆகாது."

எங்க ஊர் செஞ்சி. வெளியூர்க்காரங்களுக்கு ராஜகிரிக் கோட்டை, தேசிங்கு ராஜா, 2025 ஜூலையில கிடைச்ச யுனெஸ்கோ அந்தஸ்து. ஊர்க்காரனுக்கு நெல் கமிட்டி. அறுவடை சமயத்துல அங்க வந்து இறங்குற மூட்டையைத் தூக்குற முதுகுகள்ல எங்க மாமாவோடதும் ஒன்னு. போன வருஷம் அவருக்கு இடுப்புல ஆரம்பிச்சு பின்தொடை வழியா பாதம் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி வலி. பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி (பேர் வேண்டாம்). எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. "டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது. ஆபரேஷன், இல்லன்னா மூணு ஊசி" என்று சொல்லி மூணுக்கும் சேர்த்து பேக்கேஜா பணம் வாங்கிட்டு முதல் ஊசியைப் போட்டு அனுப்பிட்டாங்க.

மாமாவுக்கு சுகர் இருக்கு. யாரும் கேக்கலை. ஸ்டீராய்டு போட்டா சில நாளைக்கு சுகர் எகிறும்னு யாரும் சொல்லலை. அந்த வாரம் மனுஷன் 300ஐத் தாண்டி தலை சுத்தி உக்காந்துட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். "எபிடியூரல் ஊசி போடப்பட்டது." அவ்ளோதான். என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த வழியா, எதுவும் கிடையாது. கையெழுத்து வாங்கின தாள் முழுக்க இங்கிலீஷ். "இன்னா மாமா போட்டாங்க?"ன்னு கேட்டா, "ஊசிதாண்டா மாப்ள, ஒன்னும் ஆவாதுன்னாங்க" என்கிறார்.

மருந்து பேர் ஏன் முக்கியம்? தண்டுவடத்தைச் சுத்தியிருக்குற உறைக்கு வெளியே ஒரு சந்து இருக்கு, அதுதான் எபிடியூரல் இடம். அங்க ஸ்டீராய்டைச் செலுத்தி நரம்பைச் சுத்தி இருக்குற வீக்கத்தைக் குறைக்கிறதுதான் இந்த வைத்தியம். ஸ்டீராய்டுல ரெண்டு சாதி. மெத்தில்பிரெட்னிசோலோன், ட்ரையாம்சினோலோன் இதெல்லாம் கரையாம துகளா மிதக்குறது. டெக்ஸாமெத்தசோன் தெளிவாக் கரைஞ்சது. நரம்பு வெளியே வர்ற ஓட்டை வழியா ஊசியை விடும்போது, முனை தவறித் தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டு போற தமனிக்குள்ள போயிட்டா, துகள் போய் அடைச்சுக்கும். அப்புறம் கால் ரெண்டும் விளங்காமப் போகலாம். கழுத்துல இப்படி ஆனா மூளையே பாதிக்கலாம்.

இது டீக்கடைப் பேச்சு இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 ஏப்ரல்ல வெளியிட்ட எச்சரிக்கை: பார்வை இழப்பு, பக்கவாதம், செயலிழப்பு, மரணம். அரிது, ஆனா நடந்திருக்கு. இந்த வழியில போடுறதுக்கு அந்த அமைப்பு எந்த ஸ்டீராய்டுக்கும் ஒப்புதல் கொடுத்ததில்லை. அதைவிடக் கூத்து, மெத்தில்பிரெட்னிசோலோனை விக்கிற ஃபைசர் கம்பெனியே 2013ல, இதை எபிடியூரலாப் போடக்கூடாதுன்னு லேபிள்ல போட அனுமதி கேட்டது. எஃப்.டி.ஏ. அந்த அளவுக்குப் போகாம எச்சரிக்கையோட நிறுத்திக்கிச்சு. விக்கிறவனே வேணாங்கிறான் மக்களே, நம்ம ஊர்ல மட்டும் "ஒன்னும் ஆகாது"!

2012ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒரு மருந்துக் கலவைக் கூடத்துல தயாரான இதே மெத்தில்பிரெட்னிசோலோன்ல பூஞ்சை கலந்துடுச்சு. 20 மாநிலங்கள்ல 753 பேருக்கு நோய், 64 பேர் செத்துப் போனதா அந்த ஊர் சி.டி.சி. கணக்கு. முதுகு வலிக்குன்னு ஊசி போடப் போனவங்கதான் பெரும்பாலும். அங்க பதிவு இருந்ததால யார் யாருக்குப் போட்டாங்கன்னு தேடிப் பிடிச்சாங்க. எங்க மாமா சம்மரியை வெச்சுக்கிட்டு எதைத் தேடறது?

சரி, பலனாவது உண்டா? உண்டு, கொஞ்சம். 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020 காக்ரேன் அலசல்ல, கால் வலி 100 புள்ளிக்கு சுமார் 5 புள்ளி குறைஞ்சதாம், அதுவும் குறுகிய காலத்துக்கு. 2025ல அமெரிக்க நரம்பியல் அகாடமி, நரம்பு அழுத்தத்தால வர்ற வலிக்கு மூணு மாசம் வரைக்கும் ஓரளவு உதவலாம்னு சொல்லுது. அதே வருஷம் பி.எம்.ஜே. வழிகாட்டுதல் குழு, மூணு மாசத்துக்கு மேல நீடிச்ச வலிக்கு வேணாம்னு அழுத்தமாச் சொல்லுது. தூக்கமே இல்லாமத் துடிக்கிறவனுக்கு ஒரு மாச நிம்மதிகூடப் பெரிய விஷயம்தான், அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா பிதுங்கின டிஸ்க் நிறைய பேருக்கு சில மாசத்துல தானாச் சுருங்கிடும் என்கிறதையும் சேர்த்துச் சொல்லணுமா இல்லையா? முதல் ஊசி கேக்குதான்னே பார்க்காம மூணுக்கும் முன்பணம் வாங்குறதுக்குப் பேர் வைத்தியமா, சீட்டுக் கம்பெனியா?

எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டிப் பயமுறுத்துறதும் இப்படித்தான். 1994லயே வலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்ததுல பாதிக்கு மேல ஏதாவது ஒரு டிஸ்க் புடைச்சிருந்தது. படமும் வலியும் பொருந்தணும். இதெல்லாம் எட்டாத ஞானமும் இல்லை. நம்ம கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை ராஜசேகரன் குழு டிஸ்க் ஆராய்ச்சிக்காக உலக அளவுல பரிசு வாங்கியிருக்கு. தமிழ்நாட்டுல அறிவுக்குப் பஞ்சம் கிடையாது, அது நோயாளி காதுக்கு வந்து சேர்றதுக்குத்தான் பஞ்சம்.

எதிர்க்கோஷ்டிக்கும் ஒரு குட்டு. "சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்க, அதுலேர்ந்து இடுப்பு போச்சு"ன்னு வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கு. அது மரத்துப் போறதுக்கான ஊசி, கதையே வேற. அதனால தீராத முதுகு வலி வரும்னு ஆய்வுகள்ல நிரூபணம் ஆகலை. ரெண்டையும் குழப்பி, ஊசின்னாலே ஓடுறதும் தப்பு. ஒன்னுக்குப் போறது நின்னு போச்சு, உக்கார்ற இடம் மரத்துப் போச்சுன்னா ஊசியும் வேணாம், உருவி விடுறவரும் வேணாம். அன்னிக்கே முண்டியம்பாக்கமோ ஜிப்மரோ ஓடணும். அது அவசர ஆபரேஷன் கேஸ்.

"எல்லா ரிஸ்க்கையும் சொன்னா எவனும் ஊசியே போட்டுக்க மாட்டான்" என்று டாக்டர் நண்பர் ஒருத்தர் சொன்னார். 2008ல சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம், சிகிச்சை என்ன, மாற்று வழி என்ன, முக்கியமான ஆபத்து என்னன்னு சொல்லித்தான் சம்மதம் வாங்கணும்னு சொல்லிடுச்சு. எட்டாக்கை ஆபத்தையெல்லாம் ஒப்பிக்கச் சொல்லலை, நிஜம்தான். ஆனா கரையுற மருந்தா துகளா, எக்ஸ்ரே பார்த்துக்கிட்டே சாயம் விட்டுப் பார்த்துப் போடுவீங்களா, சுகர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா, இதெல்லாம் எட்டாக்கை விஷயமா? ரெண்டு நிமிஷம் தமிழ்ல பேச வேண்டிய விஷயம். மாமா மாதிரி ஆளுங்க கேக்க மாட்டாங்க. டாக்டர் முன்னாடி துண்டை இடுப்புல கட்டி நிக்கிற தலைமுறை அது. அதனால கூடப் போற நாம கேப்போம். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

ரெண்டாவது ஊசிக்குத் தேதி கொடுத்திருந்தாங்க. மருந்து பேரை எழுதிக் கொடுங்கன்னு கேட்டு நானே போனேன். "அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு"ன்னு கவுன்ட்டர்ல கேட்டாங்க. மீதி ரெண்டு ஊசிக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கேன், இன்னும் வரலை.