மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?

உறுப்பு தானச் செய்திக்கு நம் நாளிதழ்களில் ஒரு மாறாத வார்ப்பு இருக்கிறது. இன்ன ஊர், இன்னார் மகன், வயது இவ்வளவு, பைக் விபத்து, மூளைச்சாவு, குடும்பத்தார் சம்மதம். அடுத்து பங்கீடு: இதயம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு, கல்லீரல் இன்னொன்றுக்கு, ஒரு சிறுநீரகம் அரசு மருத்துவமனைக்கு, கருவிழிகள் கண் மருத்துவமனைக்கு. கடைசி வரியில் அதிகாரி ஒருவர் மலர்வளையம் வைப்பார். மூலையில் தபால்தலை அளவுக்கு இறந்தவர் படம். "ஐயோ பாவம், சின்னப் பையன்" என்றுவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறோம்.

அந்தச் செய்தியைக் கத்தரித்து பீரோவில் வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்ட நண்பர். அறுவை நடந்த தேதி அவருக்குத் தெரியும். எந்த மருத்துவமனைக்குக் கல்லீரல் போனது என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? கொடுத்தவர் பெயர், ஊர், தகப்பனார் பெயர், பார்த்த வேலை எல்லாம் அவர் கையில் இருக்கிறது. அந்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறார். போனதில்லை. அந்த வீட்டாருக்கோ இவர் இருக்கிறாரா, இல்லையா என்பதே தெரியாது.

கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பதுதான் முறை. நல்ல முறைதான். ஆனால் இரகசியம் ஒரு பக்கம் மட்டும்தான் காக்கப்படுகிறது. வாங்கினவர் வீட்டு விலாசம் பூட்டிக் கிடக்கிறது. கொடுத்தவர் வீட்டு விலாசம் பேப்பரில் வருகிறது.

எங்கள் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, பேப்பரில் வந்த பக்கத்தைச் சேர்ந்தவர். மகனை இழந்து வருடங்கள் ஆகின்றன. மூளைச்சாவு என்று நான்கு டாக்டர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை சோதித்துவிட்டு, குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இது சட்டம். அந்த ஆறு மணி நேரமும் அக்கா ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போய்த் தொட்டால் கை சுடுகிறது. வென்டிலேட்டர் தள்ளத் தள்ள நெஞ்சு ஏறி இறங்குகிறது. மானிட்டரில் கோடு ஓடுகிறது. "நெஞ்சு ஏறி இறங்குது, உசிரு இல்லைன்றீங்களே" என்று ஆலோசகர் பெண்ணிடம் சண்டை போட்டாராம். அந்தப் பெண் பதில் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்திருக்கிறாள். நடுச்சாமத்தில் அக்காவாகவே கேட்டிருக்கிறார்: "வேற யாருக்காச்சும் ஆகுமா?"

இதுவரைக்கும் எல்லோரும் எழுதுவது. பிறகு நடந்ததை யாரும் எழுதுவதில்லை.

முதலில் திதிப் பிரச்சினை. விபத்து நடந்தது ஒரு நாள். சாவு உறுதியானது மறுநாள். உடல் வீடு வந்தது அதற்கும் மறுநாள். தெவசம் எந்தத் திதியில் கொடுப்பது? இரண்டாவது சோதனை முடிந்த நேரம்தான் மருத்துவக் கணக்கில் இறந்த நேரம். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, இதயம் எப்போது நின்றது என்று கேட்டாராம். அதை எடுத்து வேறொருவருக்கு வைத்தாயிற்று, அது நிற்கவே இல்லையே என்று அக்கா சொன்னதும் மனிதர் திகைத்துப் போனார்.

அடுத்தது கொடுமை. "எவ்ளோ குடுத்தாங்க?" பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களே கேட்டார்கள். இந்தக் கேள்வி வானத்திலிருந்து குதிக்கவில்லை. கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற ஏழைகளால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்றே ஒரு காலத்தில் பெயர் வந்தது. உறுப்பு விற்பனையைத் தடைசெய்த 1994 சட்டம் வந்த பிறகும், சுனாமியில் வாழ்விழந்த எண்ணூர்ப் பக்க மீனவப் பெண்கள் வரை அந்த வியாபாரம் எட்டியது. 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்து, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீஸ் வழிவிட இதயம் பறந்த பிறகுதான் ஜனங்கள் மனதில் வேறு ஒரு சித்திரம் வந்தது. ஆனால் டாக்டர் வீட்டைக் கேட்காத கேள்வியைத் தையல்காரி வீட்டைக் கேட்பார்கள்.

2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தபோது, சம்பிரதாயம்தானே என்று நான் நினைக்கவில்லை. அக்காவின் கதை தெரிந்ததால், அதன் உண்மையான பயன் எங்கே என்று புரிந்தது. அதிகாரி வந்து மலர்வளையம் வைத்த வாசலில் நின்றுகொண்டு "எவ்ளோ குடுத்தாங்க" என்று கேட்க யாருக்கும் நாக்கு எழாது. அக்காவுக்குத்தான் அது பிந்திப் போயிற்று.

யார் வாங்கினார்கள் என்று தெரிய வேண்டுமா என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். இதயம் வாங்கியவர் மார்பில் இறந்தவரின் தாய் காது வைத்துக் கேட்கும் வெளிநாட்டு வீடியோக்கள் செல்போனில் சுற்றுகின்றன அல்லவா, அந்த நினைப்பில் கேட்டுவிட்டேன். "ஐயோ, வேணாம் தம்பி. போய் நின்னா அவங்களுக்குத்தான் சங்கடம்" என்றார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கொஞ்சம் பொறுத்து, "வாழ்நாள் பூரா மாத்திரை போடணுமாமே. அதை ஒழுங்கா போடுறாங்களான்னு மட்டும் யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்" என்றார்.

போடுகிறார்கள். என் நண்பரின் செல்போன் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் கத்தும். கல்யாணப் பந்தியில் இருந்தாலும் எழுந்து போவார். வெளியிலிருந்து வந்த உறுப்பை உடல் எதிரியாகப் பார்த்துத் தாக்காமலிருக்க, டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் உடலின் எதிர்ப்பையே மட்டுப்படுத்தி வைக்க வேண்டும். விளைவு, ஊரில் யாருக்குச் சளி பிடித்தாலும் இவருக்குப் பயம். ஆனால் அவரைத் தின்பது அது இல்லை. காத்திருந்த மாதங்களில் போன் அடிக்காதா என்று வேண்டிக்கொண்டிருந்தார். அது யாரோ ஒருவர் சாகவேண்டும் என்ற வேண்டுதல்தானே என்று இப்போது தோன்றுகிறதாம். அவர் வேண்டியதால் யாரும் சாகவில்லை என்று சொன்னால் தலையாட்டுவார், ஒத்துக்கொள்ள மாட்டார். அறுவை நடந்த தேதியில் வருடாவருடம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு போடுகிறார். ரசீதில் தன் பெயரை எழுதச் சொல்வதில்லை, பேப்பரில் கத்தரித்த பெயரைச் சொல்கிறார்.

அப்படியானால் நேரே போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே? "போய் நின்னா என்னத்தைக் கொடுத்து ஈடு கட்டுவேன்?" என்கிறார். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு கஷ்டம் என்று போன் வந்தால் மறுக்க முடியுமா என்றும் யோசிக்கிறார். இதைச் சுயநலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சந்திப்பு நன்மையில் முடிந்ததும் உண்டு. 1994-இல் இத்தாலிக்குச் சுற்றுலா போன அமெரிக்கச் சிறுவன் நிக்கோலஸ் கிரீன், ஏழு வயது, நெடுஞ்சாலைக் கொள்ளையர் சுட்டதில் இறந்தான். பெற்றோர் கொடுத்த உறுப்புகளும் கருவிழிகளும் ஏழு பேருக்குப் போயின. குடும்பங்கள் சந்தித்துக்கொண்டன. கல்லீரல் பெற்ற இளம்பெண் பின்னாளில் தனக்குப் பிறந்த மகனுக்கு நிக்கோலஸ் என்றே பெயர் வைத்தார். அதே இத்தாலி 1999-இல் அடையாளங்களை வெளியிடக்கூடாது என்று சட்டம் போட்டது. இரு தரப்பும் விரும்பினால் தடுக்காதீர்கள் என்று தந்தை ரெஜ் கிரீன் முதுமையிலும் வாதாடினார்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் ஊரில் நேர்ச் சந்திப்பு கடனாகவும் உரிமையாகவும் மாற அதிக நாள் ஆகாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெயர், ஊர் இல்லாத கடிதங்களை உறுப்பு தான அமைப்பே வாங்கிப் படித்து, அடையாளம் தெரியும் வரிகளை நீக்கி, மறுபக்கம் சேர்க்கிறது. அங்கேயும் எல்லோரும் எழுதுவதில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எழுத விரும்புகிறவருக்கு ஒரு தபால்பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

கெட்ட செய்தியாக இருந்தால்? வைத்த உறுப்பு வேலை செய்யாமல் போனால், வாங்கியவரும் இறந்துபோனால்? மகன் இரண்டாம் முறை செத்தது போலாகாதா என்று ஒரு டாக்டர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் கடிதத்துக்கு முன்னால் ஒரு படிவம் வேண்டும்: தகவல் வேண்டுமா, நல்லது மட்டுமா, எதுவானாலுமா என்று சம்மதக் கையெழுத்து வாங்கும் அன்றைக்குக் கேட்காமல், ஒரு வருடம் கழித்துக் கேட்க வேண்டும். எந்த உறுப்பு எங்கே போனது என்ற பதிவு தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்திடம் இருக்கிறது. உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளரும் இருக்கிறார். ஆள் போதாது, வேலைப் பளு என்பார்கள். 2024-இல் இங்கே இறந்த பின் உறுப்பு கொடுத்தவர்கள் 268 பேர். வருடத்துக்கு 268 வீடுகளுக்குக் கடிதம் போட ஒரு மேசையும் இரண்டு ஊழியர்களும் போதும்.