வாயில் வைக்கும் வயது

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், குழந்தைக் கண்ணன் தன் காலைப் பிடித்து வாயில் வைத்துச் சுவைப்பதைக் காண வருமாறு ஊர்ப் பெண்களை அழைத்துப் பாடினார். நாக்கை வழிக்கத் திறந்த அதே வாய்க்குள் யசோதை ஏழுலகையும் கண்டதையும் அவர் பாடியிருக்கிறார். கைக்கு எட்டியதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும் பருவம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அந்தக் கைக்கு எட்டும் பொருள்களும், அருகில் இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள்களும்தான் மாறிவிட்டார்கள்.

பிறந்த குழந்தைக்கு உலகை அறியும் முதல் கருவி, உதடும் நாக்கும். இரண்டு, மூன்று மாதங்களில் தன் கையைச் சப்பத் தொடங்கும் குழந்தை, நான்கைந்து மாதங்களில் பொருள்களைப் பற்றி வாயில் வைக்கிறது. ஆறு மாதத்தை ஒட்டிப் பல் முளைக்கும்போது கடித்தலும் சேர்ந்துகொள்கிறது. முதல் பிறந்த நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களில் இப்பழக்கம் உச்சத்தில் இருக்கும். பிறகு விரல்களும் கண்களும் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு வயதில் பெரிதும் குறைந்து, மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். இது வளர்ச்சியின் ஒரு படி. அடித்தோ அதட்டியோ நிறுத்த வேண்டிய குற்றமன்று.

குழந்தையைத் தடுக்க இயலாது என்றால், அதன் கைக்கு எட்டுவதைப் பெரியவர்கள்தான் கவனித்தாக வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்பதே இன்றைய கேள்வி.

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது முதல் பஞ்சும் நூலுமே அந்த ஊரின் வாழ்வாதாரம். அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரத்தின் விசைத்தறிகள், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்து நாடெங்கும் அனுப்புகின்றன. ஆலைகளிலும் தறிக்கூடங்களிலும் பெண்களின் உழைப்பு கணிசமானது. அவர்களில் பலர் இளம் தாய்மார்கள்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பை உறுதி செய்தது. இதில் எட்டு வாரங்கள் வரை பேறுகாலத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த தாய் பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதங்களே நிறைந்திருக்கும். எடுக்காவிட்டாலும் ஆறு மாதம்தான். பொருள்களைப் பற்றி வாயில் வைக்கத் தொடங்கும் நேரத்தில் தாயின் விடுப்பு முடிகிறது.

மறுமுனையில் அங்கன்வாடி நிற்கிறது. சத்துமாவு, எடை பார்த்தல், தடுப்பூசி நினைவூட்டல் என்று கைக்குழந்தைகளுக்கும் அது உதவுகிறது. ஆனால், தமிழகத்தில் பகல் நேரத்தில் மையத்திலேயே இருந்து உண்டு விளையாடுவது இரண்டு வயது நிறைந்த குழந்தைகள்தாம். ஆக, விடுப்பு முடியும் நாளுக்கும் அங்கன்வாடியின் கதவு திறக்கும் நாளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இடைவெளி. குழந்தை எதையும் வாயில் வைக்கும் காலமும் அதுவே.

அந்த இடைவெளியில் தளர்ந்த பாட்டியோ, பள்ளிக்குப் போக வேண்டிய அக்காவோ குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். தறியும் வீடும் ஒன்றாக இருக்கும் இடங்களில் குழந்தை தறியின் அருகிலேயே தவழ்கிறது. கழிவு நூல், திருகாணி, எண்ணெய்ப் பிசுக்கு, குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் எல்லாம் அதன் கைக்கு எட்டுபவை. உடைத்த நிலக்கடலைகூட மூச்சுக்குழாயை அடைத்துவிடும். விளக்கு எரியும் பொம்மையிலுள்ள பொத்தான் மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்வதே சரி.

ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளில் வாங்கும் பொம்மைக்கும் விதி உண்டு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டுப் பூச்சு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், அதற்கு முன்பு பூசப்பட்ட சன்னல்களும் கதவுகளும் இன்னும் இருக்கின்றன. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் உடல், சிறு குழந்தையுடையது.

இரண்டு வயதுக்குப் பிறகும் மண், சுண்ணாம்பு, பல்பம் போன்றவற்றை ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் தின்னும் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்துக் குறைபாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4% பேருக்கு ரத்தசோகை. இவர்களுக்கு வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்தும், ஒரு வயது முதல் குடற்புழு நீக்க மாத்திரையும் அரசுத் திட்டங்களில் உண்டு. அவற்றைத் தவறாமல் கொடுக்கவும் வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பப் புதுச் சட்டம் தேவையில்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 50 பணியாளர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்குகிறது; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்கவும் உரிமை தருகிறது. பெரிய ஆலைகளுக்கு இது பொருந்தும். சில தறிகளோடு இயங்கும் கூடம் இந்த வரம்புக்குள் வராது. ஆனால், பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும், அரசு அல்லது நகராட்சியின் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்காக அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களை அமைக்க மத்திய அரசின் 'பால்னா' திட்டமும் இருக்கிறது.

சத்திரப்பட்டியின் தறி உரிமையாளர் சங்கங்களும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளும், மாவட்ட நிர்வாகமும் ஒரே மேசையில் அமர்ந்தால் தெருவுக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும் வட்டாரத்துக்கு ஒரு காப்பகம் அமையும். சுத்தமான தரை, கடித்தாலும் கேடில்லாத சில பொம்மைகள், பயிற்சி பெற்ற ஓர் ஊழியர், ஆலையின் வேலைமுறைக்கேற்ற நேரம் ஆகியவையே அதற்குத் தேவை.

எதையும் வாயில் வைக்கும் பழக்கத்தைக் குழந்தை மூன்று வயதுக்குள் தானே விட்டுவிடும். அதுவரை அருகில் ஒரு கண் இருக்கச் செய்வது, தாயின் உழைப்பால் வாழும் ஊரின் கடமை.