பழைய நூலுக்குப் புதிய பக்கங்கள்

மோட்டார் வண்டிகளைப் பற்றிய நூல்கள் விரைவிலே முதுமையடைந்து விடுகின்றன. ஈராண்டு கழிந்தால் வண்டியின் அமைப்பு மாறும்; பத்தாண்டு கழிந்தால் அதன் விலையும் மாறும், அதை விரும்பும் கூட்டமும் மாறும். அமெரிக்க எழுத்தாளர் ரொம் வூல்ஃப் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நூலோ, அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் படிப்பாரைப் பிடித்து நிறுத்துகிறது. ‘த கான்டி-கலர்ட் டான்ஜரின்-ஃபிளேக் ஸ்ட்ரீம்லைன் பேபி’ என்பது அதன் நீண்ட பெயர். பல பொருள்கள் பற்றிய கட்டுரைகளின் தொகுதி அது. நூலுக்குப் பெயர் தந்த கட்டுரை, கலிபோர்னிய வாலிபர்கள் விரும்பி மாற்றியமைத்த கார்களைப் பற்றியது. அக்கட்டுரையை இன்று புதுப்பிப்பதாயின் எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்பதை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

முதலிலே பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். வேகத்தை நாடி மாற்றப்பட்ட கார் ‘ஹொட் ரொட்’ எனப்படும். பழைய போர்ட் வண்டியொன்றை மலிவாக வாங்கி, மட்காட்டுகளைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, இயந்திரத்தை வலுப்படுத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். 1932இல் போர்ட் நிறுவனம் எட்டு உருளை இயந்திரத்தைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் தந்தமை இதற்குப் பேருதவியாயிற்று. அழகை நாடி மாற்றப்பட்டது ‘கஸ்டம்’ கார். அதன் கூரையை அறுத்துத் தாழ்த்துவார்கள். பொருத்துகளில் ஈயத்தை உருக்கி நிரப்பி அரத்தால் இழைப்பார்கள். பொன் அல்லது வெள்ளி நிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் வர்ணத்தைப் பல படைகளாகப் பூசுவார்கள். மிட்டாயைப் போல் மின்னும் அந்த வர்ணமே நூலின் பெயரில் ஏறியது.

கட்டுரை பிறந்த வரலாறும் சுவையானது. ‘எஸ்குயர்’ சஞ்சிகைக்காகக் கலிபோர்னியா சென்று திரும்பிய வூல்ஃபுக்கு எழுத்து ஓடவில்லை. குறிப்புகளையேனும் அனுப்புமாறு ஆசிரியர் பைரன் டொபெல் கேட்டார். அவருக்கு எழுதும் கடிதமாகத் தொடங்கி, வூல்ஃப் இரவு முழுவதும் தட்டச்சுச் செய்தார். விடியும்போது 49 பக்கங்கள் சேர்ந்திருந்தன. ஆசிரியர் விளியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதை 1963இல் அச்சேற்றினார். கற்றோர் ஏறெடுத்தும் பாராத பட்டறைகளிலே ஒரு சிற்பக் கலை வளர்வதை வூல்ஃப் கண்டார்; ஜோர்ஜ் பாரிஸ், எட் ரோத் ஆகியோரைக் கலைஞர்களாகவே மதித்தார்.

காலம் அவர் பக்கம் நின்றது. 1952இல் பாரிஸ் சகோதரர்கள், பொப் ஹிரொஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கருக்காக மெர்க்குரி காரொன்றை மாற்றியமைத்தனர். வெளிர்பச்சையும் கரும்பச்சையும் பூண்ட அக்காரை 1959இல் பாடசாலை மாணவர் ஒருவர் 500 டொலருக்கு வாங்கினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது அவர் குடும்பத்திலேயே இருந்தது. 2022இல் ஏலத்திலே 20 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று! விலையைக் கொண்டு கலையை அளத்தல் தகாது. ஆயினும் அன்று ஏளனம் செய்தோர் இன்று வாய் திறவார் என்பது திண்ணம்.

இனிச் சேர்க்கவேண்டிய பக்கங்களுக்கு வருவோம். வூல்ஃபின் ஒளி பாரிஸ், ரோத் முதலியோர் மீதே விழுந்தது. மெக்சிக்க வம்சாவளி அமெரிக்கர் போற்றி வளர்த்த ‘லோரைடர்’ கார்களுக்கு அங்கே தனியிடம் இல்லை. நிலத்தைத் தொடுமளவு தாழ்ந்து மெல்ல ஊர்ந்து செல்வதே அக்கார்களின் பெருமை. சில்லின் வளையத்தினும் கீழாக வண்டியின் எப்பகுதியும் தாழக்கூடாதென 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியச் சட்டம் விதித்தது. வாலிபர்கள் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பம்பிகளைப் பொருத்தினார்கள். பொலிசாரைக் கண்டால் வண்டி உயரும். அவர்கள் அப்பால் சென்றதும் தாழும்! வீதிகளில் மெல்லச் சுற்றி வருவதையே பின்னர் பல நகரங்கள் தடைசெய்தன. இவ்விரு தடைகளும் 2024 ஜனவரி முதலாந் திகதி மாநிலச் சட்டத்தால் நீங்கின. ஒரு தலைமுறை குற்றமென்று கூறியதை அடுத்த தலைமுறை மரபென்று கூறுகிறது.

இந்த இன்பத்துக்குக் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. பொது வீதிகளில் நடந்த பந்தயங்கள் உயிர்களைக் குடித்தன. வாலிபர்களை வீதியிலிருந்து பாதுகாப்பான ஓடுபாதைக்கு அழைத்துச் செல்லவே 1951இல் வொலி பார்க்ஸ் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். கார்ப் புகை லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வானத்தை மூடவே, 1966இல் கலிபோர்னியா அமெரிக்காவிலே முதன்முதலாக அப்புகைக்கு வரம்பு விதித்தது. இன்று பழைய காரிலே மின்மோட்டாரைப் பொருத்துவோரும் உளர். உறுமாத வண்டியை ஹொட் ரொட் என்று அழைக்கலாமா என அன்பர்கள் வாதிடுகின்றனர்.

எதை விடுவது? எதையும் விடவேண்டாம் என்பதே நமது கருத்து. மூலத்தின் ஆரவாரமும் வியப்பும் அவ்வாறே நிற்கட்டும். விடுபட்டோரின் கதை பின்னிணைப்பாக வரட்டும். பாரிஸ் 2015இலும் வூல்ஃப் 2018இலும் மறைந்துவிட்டமையால், அப்பக்கங்களைப் பிறரே எழுதவேண்டும். லோரைடர்க் குடும்பங்களின் பிள்ளைகளே எழுதுவார்களாயின் மிகவும் பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டுப் பிள்ளை பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டிக் கையெல்லாம் கிரீஸாக நிற்கும்போது, “படிப்புக் கெடுகிறதே!” என்று அதட்டுமுன் ஒரு கணம் அருகே சென்று பார்ப்போமாக. வூல்ஃப் செய்ததும் அதுவே.