தாக்கலா, கிடப்பா?
அமெரிக்கச் சபைச் செய்திகளில் ‘டேபிள்’ என்ற வினைச்சொல் வந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். பிரிட்டனிலும் நம் நாடாளுமன்றத்திலும் ஒன்றை டேபிள் செய்தால் அது அவை முன் வந்துவிட்டது என்று பொருள், தாக்கல் என்கிறோம். வாஷிங்டனில் இதற்கு நேர் எதிர், கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது ஓர் ஆவணத்தை உடனே விவாதிக்க எண்ணி பிரிட்டன் அதிகாரிகள் டேபிள் செய்யச் சொல்ல, அமெரிக்கர்கள் கூடாது என்று மறுக்க, இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்று புரியும்வரை கசப்பான வாக்குவாதம் நீண்டதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். போர்க்காலத்தில் அப்படிப் போன நேரத்தை நினைத்தால் இன்றும் பதறுகிறது. 2019 ஜூலையில் ட்ரம்புக்கு எதிராக உறுப்பினர் ஆல் கிரீன் கொண்டுவந்த பதவிநீக்கத் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 332-95 வாக்குகளில் டேபிள் செய்தது. அங்கே அது வெறும் ஒத்திவைப்புகூட அல்ல. தீர்மானத்தின் கதை அத்தோடு முடிந்தது. நம் பழக்கப்படி இதைத் ‘தாக்கல்’ என்று எழுதிவிட்டால், தீர்மானம் சாகக் கூடாது என்று வாக்களித்த அந்த 95 பேர் அதன் எதிரிகளாகிவிடுவார்கள். மொழிபெயர்க்கும் நண்பர்களே, எந்த ஊர்ச் சபை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.