கேட் தேர்வுக்குக் கோடையிலும் ஒரு தேதி வேண்டும்

ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுத வேண்டிய கேட் தேர்வு ஆண்டுக்கு ஒரே நாள்தான் நடக்கிறது. ஆகஸ்டில் விண்ணப்பம், நவம்பர் இறுதி ஞாயிறை ஒட்டித் தேர்வு. மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவிக்க வேண்டிய அந்த நான்கு மாதமும் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எப்படிக் கழிகின்றன என்று பார்த்தால், தேதி வைத்தவர்கள் மானாவாரிச் சீமையின் வேலைக்காரப் பட்டதாரியை நினைத்தே பார்த்ததில்லை என்பது விளங்கும். புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் களையெடுப்பு. வாரம் ஆறு நாள் சம்பள வேலைக்குப் போகிறவருக்கும் ஞாயிற்றுக்கிழமை காட்டில்தான். ஜவுளிக்கடைக் கணக்கருக்கோ தீபாவளி முடியும்வரை ராத்திரி பத்து மணிக்கும் கல்லாக் கணக்கு முடியாது. நூற்பாலை மேற்பார்வையாளருக்கு இந்த வாரம் பகல், அடுத்த வாரம் அரை நைட், அதற்கடுத்து முழு நைட். 'காலை நான்கு மணிக்கு எழுந்து படியுங்கள்' என்று அறிவுரை சொல்பவர்களுக்கு, அந்த நான்கு மணிக்கு அவர் ஆலைக்குள் நிற்பது தெரியாது.

கேட் இரண்டு மணி நேரத் தேர்வு. ஆங்கில வாசிப்பு, தரவு அலசல், கணக்கு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமானதை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. கணக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளை மிரட்டாது. விகிதம், வட்டி, நேரமும் வேலையும் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பழகியவை. இடறுவது முதல் பகுதியில். தத்துவம், மானுடவியல், பொருளாதாரம் என்று எங்கிருந்தோ எடுத்த நீண்ட ஆங்கிலப் பத்தி. இதை எழுதியவர் எந்தக் கருத்தை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று கேள்வி. நான்கு விடைகளில் இரண்டு சரிபோலவே இருக்கும். தப்பாகத் தொட்டால் ஒரு மதிப்பெண் குறையும். தமிழ்வழியில் படித்தவருக்கு இது சூத்திரத்தை மனப்பாடம் செய்து கடக்கிற விஷயம் அல்ல. மாதக்கணக்கில், தினமும் கொஞ்சம், தெளிந்த தலையோடு வாசித்தால்தான் வரும். கண் சொருகும்போது வராது. ஆக, திறமையோடு ஓய்வு நேரத்தையும் சேர்த்தே இந்தத் தேர்வு அளக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அகமதாபாத், பெங்களூரு ஐஐஎம்கள் சேர்க்கையில் பணி அனுபவத்துக்கும் மதிப்பெண் தருகின்றன. வாசலைத் தாண்டியவருக்குத்தான் அந்தச் சலுகை. வாசலில் அதே வேலைதான் காலை வாரிவிடுகிறது.

மனம் இருந்தால் நேரம் கிடைக்கும், வேலை பார்த்துக்கொண்டே தேறியவர்கள் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் சனி, ஞாயிறு விடுமுறையுள்ள சென்னை மென்பொருள் ஊழியரின் வாரமும் ஆலை ஷிப்ட்டின் வாரமும் ஒன்றல்ல. முயற்சி போதாது என்றும் இந்த மண்ணைச் சொல்ல முடியாது. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம். அதையேதான் 2018இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் சேர்த்தது. பெண்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டுக்குப் படிக்க வேண்டுமானால், அந்த 289 நிமிடத்தில் யாராவது கை கொடுக்க வேண்டும். அதை எந்தப் பயிற்சி மையமும் விற்பதில்லை.

ஐஐஎம்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: பங்குனி, சித்திரையில், காடு சும்மா கிடக்கும் காலத்தில், இன்னொரு முறை தேர்வு நடத்தி, இரண்டில் கூடுதல் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். பொறியியல் சேர்க்கைக்கான ஜேஇஇ மெயின் 2019 முதல் இப்படித்தான் நடக்கிறது. இரண்டு வினாத்தாள்களை எப்படிச் சமன் செய்வது என்ற ஆட்சேபம் நிற்காது; ஒரே நாளில் மூன்று வேளையாக நடக்கும் கேட்டில் இப்போதே மதிப்பெண்களைச் சமன் செய்துதான் வெளியிடுகிறார்கள். பயிற்சிக்குப் பணம் கட்ட வசதியுள்ளவர் இரண்டு முறை எழுதி இன்னும் முந்திக்கொள்வாரே என்பது கனமான கேள்வி. உண்மைதான், அவருக்கும் லாபம். ஆனால் ஒற்றைத் தேதி முறையில் அவர் ஏற்கெனவே முந்தித்தான் இருக்கிறார். இரண்டாவது தேதி அவருக்குக் கூடுதல் வாய்ப்பு. ஷிப்ட் வேலைக்காரருக்கு அதுவே முதல் வாய்ப்பு. 2025இல் பொதுப் பிரிவினருக்குக் கட்டணம் 2,600 ரூபாய். இரண்டாம் முறைக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.

ஐஐஎம்தான் வேண்டுமா, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் போதாதா என்றால், பலருக்குப் போதும். ஆனால் அந்தத் தெரிவு படிப்பவருடையதாக இருக்கட்டும், நாள்காட்டியுடையதாக அல்ல. தமிழக அரசுக்கும் இதில் பங்கு உண்டு. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு 'நான் முதல்வன்' திட்டத்தில் பத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் தருகிறார்கள், நல்ல திட்டம். வேலையை விட முடியாதவருக்குப் பணத்தைவிட இடமும் நேரமும்தான் தேவை. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இரவு பதினோரு மணிவரை திறந்திருக்கும் ஒரு வாசிப்பு அறை, அதில் மாதிரித் தேர்வு எழுதப் பத்துக் கணினி. மாவட்ட நிர்வாகம் இதை இந்த ஆண்டே தொடங்கலாம். கோடைத் தேதியை ஐஐஎம்கள் அடுத்த அறிவிப்பிலேயே சேர்க்கட்டும்.