அந்த 205 பேர் லிஸ்ட் எங்கே சார்?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. ஆனா சோஷியல் மீடியாவில் கட்சி வேலை பார்க்கிற ஒவ்வொருத்தரும் படிக்க வேண்டிய கதை.

1950 பிப்ரவரி 9. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் குடியரசுக் கட்சி மகளிர் கூட்டம். பேச வந்தவர் விஸ்கான்சின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி. வெளியுறவுத்துறையில் இருக்கிற கம்யூனிஸ்டுகள் 205 பேரோட லிஸ்ட் என் கையில் இருக்கு என்று அவர் பேசியதாக மறுநாள் பேப்பரில் வந்தது. சில நாளில் அந்த 205 வெறும் 57 ஆனது. பிப்ரவரி 20 அன்று செனட்டில் பேசும்போது 81. நம்பர் மாறிக்கிட்டே இருந்தது, லிஸ்ட் மட்டும் வெளியே வரவே இல்லை.

ஏன் நம்பினாங்க? பயம் நிஜம். 1949-ல் சோவியத் அணுகுண்டு வெடித்தது, சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. அணுகுண்டு ரகசியத்தைக் கொடுத்த விஞ்ஞானி கிளாஸ் ஃபக்ஸ் பிரிட்டனில் கைதாகி அப்போ ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க அரசுக்குள்ளேயே சோவியத் உளவாளிகள் இருந்ததை 1995-ல் வெளியான வெனோனா ஆவணங்களும் காட்டின. அதனால "எல்லாமே கட்டுக்கதை"ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. நெருப்பு இருந்தது. இவர் அதை அணைக்கப் போகலை, குளிர் காய்ஞ்சார்.

மனுஷன் உழைப்பாளி, அதையும் சொல்லணும். விவசாயக் குடும்பம். படிப்பை விட்டுட்டுக் கோழிப்பண்ணை வச்சவர், இருபது வயசில் திரும்பப் பள்ளிக்கூடம் போய் நாலு வருஷப் படிப்பை ஒரே வருஷத்தில் முடிச்சார். அப்புறம் வக்கீல், நீதிபதி, 1946-ல் செனட்டர்.

இனி நம்ம டிசைன் டீம் கவனிக்க வேண்டிய இடம். மெக்கார்த்தியின் குற்றச்சாட்டை விசாரித்து, இது மோசடி என்று அறிக்கை கொடுத்த கமிட்டியின் தலைவர் மேரிலாண்ட் செனட்டர் டைடிங்ஸ். அதே வருஷம் நவம்பரில் அவருக்குத் தேர்தல். அவரும் கம்யூனிஸ்ட் தலைவர் ஏர்ல் பிரௌடரும் நெருக்கமா நிற்கிற மாதிரி ஒரு போட்டோவோட பிரச்சாரப் பேப்பர் ஊர் ஊராப் போனது. ரெண்டு தனித்தனி படத்தை ஒட்டினது. "ஒட்டுப்படம்" என்று கீழே போட்டும் இருந்தாங்க, யார் படிக்கிறா? அந்தப் பேப்பர் வேலையில் மெக்கார்த்தியின் ஆபீஸ் ஆட்களும் இருந்தாங்க. டைடிங்ஸ் தோத்தார். போட்டோஷாப் வர்றதுக்கு நாப்பது வருஷம் முன்னாடி!

1953-ல் நடந்தது இன்னும் வலிக்கும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் டிரான்ஸ்மிட்டரை எங்கே நடுவது என்ற தொழில்நுட்பக் கேள்வியை மெக்கார்த்தி கமிட்டி நாசவேலையா என்று விசாரித்தது. என்ஜினியரிங் படிச்சவங்களுக்குத் தெரியும், சைட் செலக்ஷனில் பத்துப் பேருக்குப் பத்துக் கருத்து இருக்கும். அந்தத் திட்டத்தில் வேலை செஞ்ச ஒரு என்ஜினியர், தன்னைப் பலிகடா ஆக்கிடுவாங்க என்ற பயத்தில் லாரி முன்னாடி விழுந்து செத்தார். அவர் மேல ஒரு குற்றச்சாட்டு கூட இல்லை.

இதில் என்னை உறுத்துவது அவரோட சொந்தக் கட்சிதான். 1950 ஜூன் 1 அன்று, செனட்டில் இருந்த ஒரே பெண் உறுப்பினர், அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மார்கரெட் சேஸ் ஸ்மித், எழுந்து நின்று இந்த அவதூறு அரசியல் வேண்டாம் என்றார். கூட கையெழுத்துப் போட்டவங்க ஆறே பேர். "ஸ்னோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும்" என்று மெக்கார்த்தி கிண்டல் அடிச்சார். மத்தவங்க அமைதி. ஓட்டு வருதே! 1952 தேர்தலில் ஐசன்ஹோவர்கூட, மெக்கார்த்தி வசைபாடிய ஜெனரல் மார்ஷலை ஆதரிக்கும் பத்தியை மில்வாக்கி உரையிலிருந்து எடுத்துட்டார். யோசிங்க, ராணுவத்தில் தனக்கு மேலதிகாரியா இருந்தவர் மார்ஷல்.

நம்ம குரூப்புக்கு ஆதாரம் இல்லாத ஒரு படம் வரும்போது நாம பண்றதும் இதே கணக்குதான். எதிர்க்கட்சிக்காரன் பேர் இருக்கு, அடிச்சு விடு. அனுப்பினது நம்ம அண்ணனாவே இருக்கட்டும், "சோர்ஸ் எங்கண்ணா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா துரோகின்னு சொல்வாங்க, ஸ்மித்தையும் அப்படித்தான் பார்த்தாங்க.

ஐசன்ஹோவர் ஜெயிச்சதும் மெக்கார்த்தி நிறுத்தினாரா? எதிர்க்கட்சியின் "20 வருஷத் துரோகம்" என்று பேசிக்கிட்டிருந்தவர், 21 என்று மாத்தினார். கூடுன ஒரு வருஷம் சொந்தக் கட்சி ஆட்சி. 1954-ல் ராணுவத்தோடயே மோதல். டிவியில் நாடே பார்த்த விசாரணையில் அவர் தரப்பு கொடுத்த ஒரு போட்டோ, ஓரத்தில் நின்ற ஆளை வெட்டி எடுத்த படம் என்பது அம்பலமானது. திரும்பவும் போட்டோதான்!

டிசம்பர் 2-ல் செனட் 67-22 என்று அவரைக் கண்டித்தது. அவர் கட்சியில் ஓட்டுப் போட்ட 44 பேரில் பாதிப் பேர் அப்பவும் அவர் பக்கம். 1957 மே மாதம் 48 வயசில் இறந்தார். ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில், மூணு தடவை கவர்னர் தேர்தலில் தோத்திருந்த ஜனநாயகக் கட்சியின் ப்ராக்ஸ்மயர் அந்த சீட்டை ஜெயிச்சார். அந்த சீட் குடியரசுக் கட்சிக்கு இன்னி வரைக்கும் திரும்பலை.